கௌதமி தண்ணீர் ஊற்றவில்லை

செய்தி எங்கள் ஐஸ் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ரோஜாப்பூ போட்ட ஒரு காலை வணக்கத்துக்கும் யாரோ அனுப்பிய வஞ்சிரம் விலைக்கும் நடுவில், ‘நமது கௌதமி இன்று காலை இயற்கை எய்தினார்’ என்று ஒரு வரி. அந்தச் சாவுக்கும் இயற்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையாகக் கைகூப்பிய படங்கள் விழுந்தன. நான் அப்போது ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். படித்தேன், செல்போனைச் சட்டைப் பையில் போட்டேன், மிச்ச டீயைக் குடித்து முடித்தேன்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவதாக இருந்தால் இங்கேயே ஆரம்பித்துவிடலாம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இனி ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிம்மதி அது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. அதற்குள் எனக்கே என்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். நோட்டீஸ், சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து வேலை எதுவானாலும் முப்பது வருடமாக என் தலையில்தான் விழுகிறது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவன் என்பதால் சவரிமுத்துவுக்குத் தமிழ் வரும் என்று ஒரு நம்பிக்கை. “நாலு வார்த்த சோக்கா எய்திக் குடுண்ணே” என்றான் கிரேன் ஓட்டும் மணி. மன்னித்துக்கொள் மணி, சோக்காக எழுத வரவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடியில் அவள் வீடு. அடக்கத்தன்று புத்தர் முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்துப் பெட்டியைத் தூக்கும் முன் அவள் கணவர் ரமேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே பார்சலில் மூட்டை தூக்குகிற கை, விடுவித்துக்கொள்ள முடியாது. “அல்லாம் தெரிஞ்ச பொண்ணுண்ணே அது. அமோனியா கீய கொட்டிக் கெடந்தா தண்ணி ஊத்தக் கூடாதுன்னு வூட்ல வந்து எங்கிட்ட கூட சொல்லிக்கினே இருக்கும். அதுவே போயி எப்டிண்ணே ஊத்திச்சு?” என்றார். ஏழு மாதமாக அவர் என்னிடம் கேட்டுவந்த கேள்விதான். நானும் ஏழு மாதமாகச் சொல்லிவந்த பதிலையே சொன்னேன். “பதட்டத்துல நடந்துட்ச்சுப்பா.”

அவள் ஊற்றவில்லை. ஊற்றியது நான். ஏழு மாதம் முன்பு கம்பெனியில் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கையில் அவள் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதை மட்டும் சொன்னால் அவள் யார் என்பது விட்டுப்போகும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

செத்தவர்களை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. இரண்டு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன். என்னை அண்ணன் என்று கூப்பிட்டவள். அவள் என்றே எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மெஷின் ரூமில் பெண் கிடையாது. ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றார்கள். ஒரு வாரம் தாங்குவாளா என்று எங்களுக்குள் பேச்சு. முதல் நாள் அவளைக் கம்ப்ரசர் முன்னால் நிறுத்தி, “குளிரு எங்கேந்து வர்து, சொல்லு பாக்கலாம்” என்று கேட்டேன். கம்ப்ரசர் என்று சொல்வாள், அதையே வைத்து இன்னும் நாலு கேள்வி கேட்டு ஓட்டலாம் என்பது என் திட்டம். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “குளிரு எங்கேந்தும் வர்லண்ணே. சூடுதான் வெளில போவுது” என்றாள். குழாய்க்குள் திரவமாக ஓடுகிற அமோனியா அங்கேயே கொதித்து ஆவியாகிறது, கொதிக்கத் தேவையான சூட்டைக் குழாயைச் சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது, அந்த உப்புத் தண்ணீர் டின்களில் இருக்கும் நல்ல தண்ணீரிடமிருந்து பிடுங்குகிறது, கடைசியில் இழந்தவன் ஐஸாக நிற்கிறான் என்று சொல்லி முடித்தாள். இருபத்தைந்து வருடமாகக் கம்ப்ரசர்தான் குளிரை அரைத்துத் தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. “சரி சரி, போயி டின்னுக்குத் தண்ணி ரொப்பு” என்றேன்.

ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும், யாருக்குத் தெரியாது. ஆனால் அவள் சொல்கிற விதம் வேறு. எல்லாமே கண்ணுக்குத் தெரியாத பொடி, பொடி எதுவும் சும்மா இருப்பதில்லை என்பாள். “ஐஸு கல்லு மாரி கெடக்குது, அது எங்க ஆடுது?” என்று ஒருநாள் டீ நேரத்தில் மடக்கினேன். அவள் உதாரணத்துக்குத் திருவொற்றியூர் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள். “பஸ்ஸ நெனச்சுக்கோண்ணே. சீட்ல குந்திகினு கீறவன் வண்டி பள்ளத்துல எறங்கினா ஆடுவான், ஆனா எடத்த வுட மாட்டான். அது ஐஸு. நின்னுகினு வரவன் ஒருத்தன ஒருத்தன் இட்ச்சிகினு முன்ன பின்ன நவுந்துகினே இருப்பான், ஆனா வண்டிய வுட்டு எறங்க மாட்டான். அது தண்ணி. டெப்போல போயி நிக்குது பாரு, அவனவன் ஒரு தெசைல போறான். அது கேஸு. ஆளு அதே ஆளுதாண்ணே, ஆட்டந்தான் வேற.” நான் விடவில்லை. “அப்ப கண்டக்டர் யாரு?” என்றேன். “சூடு” என்றாள். மணி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

இன்னொரு நாள் வீட்டிலிருந்து சொட்டு நீலம் எடுத்துவந்தாள். ஒரு கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். இரண்டிலும் ஒரு சொட்டு. யாரும் கலக்கக் கூடாது என்றாள். சுடுதண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிவிட்டது. ஐஸ் தண்ணீரில் அந்தச் சொட்டு நூல் நூலாக இறங்கி அடியில் சோம்பிக் கிடந்தது. “சூடு கீற எடத்துல பொடி வேகமா முட்டுது, நீலத்தையும் முட்டித் தள்ளிகினு போவுது” என்றாள். அதோடு விட்டிருந்தால் சரி. மிச்ச நீலத்தை ஒரு டின்னில் ஊற்றி உறையவிட்டிருக்கிறாள். மறுநாள் கிரேனில் தூக்கிக் கவிழ்த்தால் வெளிப்பக்கமெல்லாம் கண்ணாடி, நடுத்தண்டு மட்டும் கருநீலம். “எந்த மீன்புடி போட்டுக்காரன் இத்த வாங்குவான்? கலீஜ் பண்ணி வெச்சிகீற” என்று கத்தினேன். அவள் அந்த ஐஸ் பாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, “தண்ணி வரிச கட்டும்போது தன் ஆள மட்டுந்தாண்ணே சேத்துக்கும். வெளியாள சேக்காது. தள்ளிகினே வந்து கடேசில நடுவுல மாட்டி வுட்டுடும்” என்றாள். பிறகு, “நீ எங்க ஏரியா ஆளா இருந்தா புரியும் ஒனக்கு” என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் ஐஸை மட்டும் சொல்லவில்லை, அவள் ஆட்களை ஊர் ஒதுக்குவதைச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் இருந்துகொள்வது சுலபமாக இருந்தது.

இப்போது தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்கு வருகிறேன். ஐஸ் கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அமோனியா எங்காவது லேசாகக் கசிந்தால் மூக்கு எரியும், கண்ணில் நீர் கொட்டும். உடனே ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் அடிப்போம், ஈரச் சாக்கைச் சுற்றுவோம். தண்ணீர் அமோனியாவைக் குடித்துவிடும், நெடி அடங்கிவிடும். நாங்கள் கண்ட வைத்தியம் அது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து வந்தது. எத்தனையோ முறை பலித்திருக்கிறது. பலித்ததுதான் வினை.

கௌதமி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. காற்றில் இருக்கிற ஆவிமேல் தண்ணீரைத் தெளித்தால் சரி, தரையில் திரவமாகக் கொட்டிக் கிடப்பதன்மேல் ஊற்றினால் ஆபத்து என்பாள். அந்தத் திரவம் மைனஸ் முப்பதுக்கும் கீழே குளிர்ந்து கிடக்கிறது, அதனால்தான் மெதுவாக ஆவியாகிறது, அதன் தலையில் குழாய்த் தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சூட்டிலேயே மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும் என்று விளக்கினாள். “பச்சத்தண்ணில இன்னாம்மா சூடு?” என்றேன். அதற்கு அவள் சொன்னதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். “நமக்குத்தாண்ணே அது பச்சத்தண்ணி. அமோனியாவுக்கு நெருப்பு.”

ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தண்ணீர்க் குழாய் மாட்டியிருக்கும் சுவரில் ஒட்டினாள். ‘காற்றில் இருந்தால் தெளி. தரையில் கிடந்தால் ஊற்றாதே.’ அது இரண்டு வாரம் இருந்தது. மூன்றாவது வாரம் நான்தான் கிழித்தேன். யாரும் சொல்லிக் கிழிக்கவில்லை. புதிதாக வந்த ஒருவன் அதைப் படித்துவிட்டு, “அப்ப இத்தினி நாளா தப்பாவா பண்ணிகினு இருந்தீங்க?” என்று என்னைக் கேட்டான். அதற்காகக் கிழித்தேன். அவள் வெறும் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி ஒட்டவில்லை.

விபத்து நடந்த அன்று காலை பத்து மணி இருக்கும். ரிசீவர் என்று நாங்கள் சொல்லும் பெரிய தொட்டியிலிருந்து வெளியே வரும் குழாயில் இணைப்பை அடைத்திருக்கும் ஒரு கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. திரவமாகவே பீறிட்டுத் தரையில் குட்டையாக நின்றது. மேலே மெல்லிய வெண்புகை. எல்லோரும் வெளியே ஓடினார்கள். தொட்டியின் அடியில் இருக்கும் வால்வை மூடினால் எல்லாம் நின்றுவிடும், ஆனால் குட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இருந்த மாஸ்க் ஒன்று. அதன் வடிகட்டி டப்பா லேசான நெடிக்குத்தான் தாங்கும். அவள் அதை மாட்டிக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம், “கதவாண்ட நின்னு பொக மேல தெளிண்ணே. கீய ஊத்தாத” என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகக் கேட்டது.

நான் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். அவள் குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருப்பது புகைக்குள் தெரிந்தது. குட்டை அவள் பக்கமாக ஊர்ந்து போவதும் தெரிந்தது. அவள் காலை அது தொடப்போகிறது என்று பயந்தேன். அந்த நேரத்தில் என் கைக்கு அவள் சொன்னது எதுவும் தெரியவில்லை, பழக்கம் மட்டும்தான் தெரிந்தது. முழு வேகத்தில் தண்ணீரைக் குட்டைமேல் அடித்தேன். தரை கொதித்தது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளை எழுந்தது, அவள் மறைந்துபோனாள். உள்ளேயிருந்து “தண்ணி வேணாண்ணே” என்று ஒரு குரல் கேட்டது. நான் குழாயை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் ஓடவில்லை. வால்வை முழுக்க மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவள் மூடாமல் வந்திருந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும், அவர்களுக்கு அடுத்த பள்ளிக்கூடமும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தீயணைப்புக்காரர்கள் உள்ளே போனபோது அவள் கதவருகே விழுந்து கிடந்தாள். நான் போட்டுவிட்டுப் போன குழாய் அவள் கைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாய் மட்டும் போதுமானதாக இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் அதை வைத்தே எழுதினார்கள். ‘ஆபரேட்டர் விதிக்குப் புறம்பாகத் திரவத்தின்மீது நீரைப் பாய்ச்சியதால்’ என்று அறிக்கை ஆரம்பிக்கிறது. என்னிடம் நீட்டி, “நீங்க பாத்தது இதானே?” என்றார்கள். கம்பெனிக்கும் அது சௌகரியம். பழைய கேஸ்கட்டையும் ஒற்றை மாஸ்க்கையும் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவள் பிழைத்து வந்து சொல்லட்டும், அப்போது ஒப்புக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

பிழைத்தாள், ஆனால் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். இளநீர் வாங்கிப் போவேன், கம்பெனிக் கதை பேசுவேன். ரமேஷ் பக்கத்திலேயே இருப்பார். அவர் “எப்டிம்மா ஊத்துன?” என்று அவளிடமே கேட்டிருக்கிறார். தெரியவில்லை என்று தலையை ஆட்டியிருக்கிறாள். எனக்கு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தைரியம் வந்தது. சொல்வதற்கான தைரியம் இல்லை, சொல்லாமல் இருப்பதற்கான தைரியம்.

கடைசியாகப் போனபோது ரமேஷ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அவளுக்கு மூக்கில் ஆக்சிஜன். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “காத்து உள்ளதாண்ணே போவுது. நுரையீரல் செவுரு மெல்லிசா இருந்தாத்தான் அந்தப் பொடி தாண்டி ரத்தத்துல சேரும். எனக்குச் செவுரு தடிச்சிட்ச்சு. வந்து முட்டுது, முட்டிட்டு திரும்பிப் போயிடுது” என்றாள். தன் நுரையீரலையும் மெஷின் ரூம்போலவே சொன்னாள். ஆக்சிஜன் புட்டியில் குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைச் சொன்னாள். “இந்த வாரம் சொல்லுவ, இந்த வாரம் சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேண்ணே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் ரமேஷ் மருந்தோடு வந்துவிட்டார். வந்துவிட்டாரே என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்கு நாலாவது நாள் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நேற்று வியாசர்பாடிக்குப் போய் ரமேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “நீதான் ஊத்துனன்னு அதுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “ஏயு மாசம் எங்கூடவே படுத்துக் கெடந்துச்சே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. நான் அதப் போயி ஏன் ஊத்துன ஏன் ஊத்துனன்னு...” என்று நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவர் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனவன், வேறொரு பாரத்தை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். “போண்ணே” என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேராகத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் என் வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். கிழித்த தாளைப் பற்றியும் எழுதினேன். வாங்கி முத்திரை குத்தியவர், “இவ்ளோ நாள் கழிச்சா?” என்றார். அறிக்கையைத் திருத்துவார்களா என்று தெரியவில்லை. திருத்தினாலும் படிக்க அவள் இல்லை. அவளைத் தெரிந்தவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். மணி, நீ சாவு வீட்டில் “தன் கையாலேயே கெட்த்துக்கிச்சு” என்று சொன்னாய், உன் பக்கத்தில்தான் நான் நின்றேன். இனி எங்கே அந்தப் பேச்சு வந்தாலும் என் பெயரைச் சொல்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. வாரா வாரம் நான் வார்டுக்குள் நுழைந்ததும், எவ்வளவு முடியாமல் இருந்தாலும், தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். நான் உட்கார்ந்து, பேசி, எழுந்து வாசலைத் தாண்டும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.